புனேயில் போனாலு லீவு

அத்தியாயம் 4

பொய்யான பயோடேட்டாவை மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே, கையில்கூட வாங்காமல் கண்டுபிடித்துவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெயர் தாடிகொண்ட விஸ்வேஸ்வர ராவ். தாடிகொண்ட என்பது வீட்டுப்பெயர். முகத்தில் மீசைகூடக் கிடையாது. ஐதராபாத் அமீர்பேட்டையில், மெட்ரோ தூணுக்குப் பின்னால், ஒரு பெசரட்டுத் தோசைக் கடையின் மாடியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் பலகை தொங்குகிறது: 'நிஜம் துப்பறியும் நிறுவனம். உரிமையாளர்: டி. வி. ராவ்.'

"நான் இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து ஒரு பொய்கூட என்னைத் தாண்டிப் போனதில்ல" என்றார் விஸ்வம், அந்த வெள்ளிக்கிழமை காலையிலும்.

"போகாது சார். மாடிப்படி அவ்வளவு குறுகல்" என்றாள் ஹிமபிந்து.

நிஜம் நிறுவனத்தில் விஸ்வத்தைக் கழித்தால் மிச்சம் இருப்பது பிந்துதான். அவள்தான் உதவியாளர், தட்டச்சர், டீ வாங்கி வருபவர். ஸ்கூட்டர் அவளுடையது என்பதால் வாகனப் பிரிவும் அவள் பொறுப்பில் இருந்தது. வேலைக்கு எடுக்கும் முன் ஒருவனுடைய பயோடேட்டா உண்மைதானா என்று கம்பெனிகள் இவர்களைக் கேட்கும். இவர்கள் விசாரித்துச் சொல்வார்கள். ஒரு காலத்தில் நிறைய கம்பெனிகள் கேட்டன. இப்போது எல்லோரும் அதற்கும் ஒரு இயந்திரம் வாங்கிவிட்டார்கள். மிஞ்சியது மாதாப்பூரில் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியும் அதில் ஆள் எடுக்கும் ஷைலஜா மேடமும்தான். அந்த மேடமும் நேற்று தெளிவாகச் சொல்லிவிட்டார்: இயந்திரம் ஓகே சொன்ன ஒரு பயோடேட்டாவை அனுப்புகிறேன், எனக்கு அதில் என்னவோ இடிக்கிறது, சாயங்காலத்துக்குள் உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் ஒரு வருஷத்து வேலை முழுக்க நிஜத்துக்கு. இல்லாவிட்டால் இயந்திரத்துக்கே.

இயந்திரத்துக்கே என்றால் பலகை இறங்கும். பலகை இறங்கினால் பிந்து மறுபடியும் வேலை தேடவேண்டும். இரண்டு வருஷம் தேடிக் களைத்துத்தான் இந்த மாடிக்கு ஏறி வந்தாள்.

"படி" என்றார் விஸ்வம், கண்ணை மூடிக்கொண்டு.

"பேரு காகர்ல பிருத்வி. 'குறிக்கோள்: சவால்கள் நிறைந்த சூழலில் வளர்வது.'"

"இவன் என்ன கள்ளிச்செடியா? மேல படி."

"'கடும் உழைப்பாளி. விரைவில் கற்றுக்கொள்பவர். குழுவோடு இணைந்து செயல்படுபவர்.'"

"நான் சோம்பேறி, மெதுவாத்தான் கத்துக்குவேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தனியா உக்காருவேன்னு ஒருத்தனாவது எழுதறானா பாரு. அப்படி ஒருத்தன் வந்தா விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டுடுவேன்."

"'பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது.'"

"மூச்சு விடறதையும் சேத்துக்கச் சொல்லு."

"'அனுபவம்: மூன்று வருடம். ஸ்கைபெப்பர் சிஸ்டம்ஸ், புனே. ஆவணங்களைத் தானாகவே தயாரிக்கும் மென்பொருள் ஒன்றை முதலிலிருந்து எழுதினார். நாலாயிரம் பேர் பயன்பெற்றனர். நாடு முழுவதும் உள்ள நிறுவனங்களோடு தினமும் தொலைபேசியில் பேசினார். இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.'"

விஸ்வம் மூக்கைச் சுருக்கினார். "புகார் வராத மென்பொருளா? நாத்தம் வருது. மேலதிகாரி யாரு?"

"கே. மகேஷ்."

விஸ்வத்தின் கண் திறந்தது. மகேஷுக்காக அது திறக்கவில்லை, கே-வுக்காகத் திறந்தது.

"கே-ன்னா என்ன?"

"குல்கர்னியா இருக்கும். காம்ப்ளேயா இருக்கும்."

"இருக்கட்டும். மராட்டிக்காரன் வீட்டுப்பேர எங்க வெப்பான்?"

"கடைசியில."

"எப்படி?"

"முழுசாத்தான். குல்கர்னியா பொறந்தவன் அதை எதுக்கு மறைக்கப்போறான்?"

"வீட்டுப்பேர ஒத்த எழுத்தாச் சுருக்கி, முன்னாடி கொண்டுவந்து மாட்டற சனம் யாரு?"

பிந்து வாசல் பலகையைப் பார்த்தாள். "நாமதான் சார்."

"புனேல இருக்கற குல்கர்னிக்கு யாரோ ஒரு தெலுங்குக்காரன் உக்காந்து பேரு வெச்சிருக்கான்" என்றார் விஸ்வம். "போன் போடு."

புனே எண்ணுக்குப் போன் போனது. பிந்து ஸ்பீக்கரைப் போட்டாள். கனத்த குரல் ஒன்று, இந்தியில், "ஸ்கைபெப்பர், ஹெச்.ஆர்." என்றது. விஸ்வம் பிருத்வியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் கனிந்துவிட்டது.

"பிருத்வியா? தங்கமான பையன் சார். மூணு வருஷம் இருந்தான். சேந்தது ஜூன்ல, ஒரு புதன்கிழமை. நல்ல மழை."

விஸ்வம் பிந்துவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஊழியன் பெயரை ஞாபகம் வைத்திருக்கும் ஹெச்.ஆர். ஒருவரை அவர் தன் வாழ்நாளில் சந்தித்ததில்லை. மழையை ஞாபகம் வைத்திருப்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"ரொம்ப நல்லதுங்க. இதையே ஒரு கடிதமா திங்கட்கிழமை அனுப்பிடுங்களேன்."

"திங்கட்கிழமை ஆபீஸ் லீவு சார். செவ்வாய்க்கிழமை காலைல கண்டிப்பா அனுப்பிடறேன்."

குரலுக்குப் பின்னால், தூரத்தில், மைக்கில் யாரோ கத்துவது கேட்டது. போன் துண்டானது.

விஸ்வம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே தெருவில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தப்பட்டை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போனாலு பண்டிகை. அம்மனுக்குப் பானை தூக்கி, ஆடி, கூழும் கறியும் தின்றுவிட்டு, மறுநாள் திங்கட்கிழமை அரசாங்க உத்தரவோடு படுத்துத் தூங்குகிற ஊர் இந்தியாவிலேயே இது ஒன்றுதான்.

"புனேல திங்கட்கிழமை என்ன விசேஷம் பிந்து?"

பிந்து கைப்பேசியில் தேடினாள். "ஒண்ணும் இல்ல சார். பள்ளிக்கூடம்கூட இருக்கு."

"அப்ப?"

"புனேல போனாலு கொண்டாடற முதல் கம்பெனி."

விஸ்வம் அதை ரசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். போன் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்றரைப் போன் இருக்கிறது. பூமியின் ஒரே மனிதர் நகத்தைக் கடித்தார். அவர் இப்படி மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது பிந்துவுக்குப் பிடிக்கும். ஆகவே ஒரு டீ குடிக்கும் நேரம் சும்மா இருந்தாள்.

"சார், பின்னாடி ஒரு மைக் சத்தம் கேட்டீங்களா?"

"புனே ரயில்வே ஸ்டேஷன்னு நம்ம நம்பணும்னு வெச்சிருப்பான்."

"அது சலபதி சாரு. ஜாவா கிளாஸ். 'தூங்கறவன் எழுந்திரு, எழுந்தவன் ஃபீஸ் கட்டு.' மூச்சுக்கு ஒரு தடவ சொல்லுவாரு. நான் அங்க ரெண்டு தடவ ஃபீஸ் கட்டியிருக்கேன்."

"ரெண்டு தடவையா?"

"முதல் தடவ எழுந்திருக்கவே இல்ல சார்."

விஸ்வம் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார். "எனக்கும் அதேதான் தோணிச்சு" என்றார்.

*

சலபதி சாரின் வகுப்பு இருந்த சந்துக்குள் வானம் கிடையாது. பேனர்தான் உண்டு. 'பதினைந்தே நாளில் பைத்தான்.' 'ஆங்கிலம் பேசு, அமெரிக்கா போ.' 'இரண்டே மாதத்தில் மூன்று வருட அனுபவம்.' கடைசிப் பேனருக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு பிந்து மேலே பார்த்தாள். மூன்றாவது மாடியிலிருந்து சலபதி சாரின் குரல் தெருவில் இருப்பவர்களையும் எழுப்பிக்கொண்டிருந்தது.

"வேலை தேடற பொண்ணா நான் போறேன். நீங்க என் சித்தப்பா" என்றாள் படியேறும்போது.

"எனக்கு நடிப்பு வராது. நான் பொய் சொல்லி வளந்தவன் இல்ல."

"சும்மா உக்காந்து மின்விசிறியப் பாருங்க சார். சித்தப்பாங்க எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க."

விஸ்வம் இரண்டு படி யோசித்தார். "அப்ப அது பொய்யில சேராது. தொழில்ல சேரும்" என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டார்.

சலபதி சாரின் வகுப்பை ஒட்டி, ஒரு பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம், 'ஸ்ரீ நூகாலம்மா கேரியர் கைடன்ஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு பையன். கம்ப்யூட்டர், பிரின்டர், ஹாங்கரில் தொங்கும் ஒரு கறுப்புக் கோட்டு. சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் கயிறு கட்டிய ஒரு பழைய கைப்பேசி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு: நொய்டா, இந்தூர், புனே, சென்னை, புவனேஸ்வர். இந்திய வரைபடத்தை யாரோ சுவரில் காயப்போட்டது போல் இருந்தது.

"உக்காருங்க அக்கா. மேடம் அம்மனுக்குப் பானை வாங்கப் போயிருக்காங்க. எத்தன வருஷம் வேணும்?" என்றான் பையன்.

"எத்தன வருஷம் இருக்கு?"

"ரெண்டு, மூணு, அஞ்சு. அஞ்சு எடுத்தா ரெண்டு குழந்தை இருக்குமோன்னு நினைப்பாங்க. மூணு எடுங்க, உங்களுக்கு அளவா இருக்கும்."

"நடுவுல ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டேன் தம்பி."

"இந்த ஊர்ல யாரும் சும்மா இருந்ததில்ல அக்கா. எல்லாரும் புனேல இருந்தாங்க."

அவன் விரல் தட்டச்சுப் பலகையில் ஓடியது. பெயர் கேட்டான், ஊர் கேட்டான், வேறொன்றும் கேட்கவில்லை. பிரின்டர் இருமிக்கொண்டு நாலு பக்கம் துப்பியது. பிந்து வாங்கிப் பார்த்தாள். அவள் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதியிருந்தாள். எட்டுப் பேருக்குத் தலைமை தாங்கியிருந்தாள். பாட்டுக் கேட்டிருந்தாள். ஒரு கணம் அந்தப் பெண்ணை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தபடியே சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

சுவரில் புனே அதிர்ந்தது.

பையன் ஒரு விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம் அக்கா" என்று சொல்லிவிட்டு, ஆணியிலிருந்து போனைக் கழற்றி, தொண்டையைச் செருமினான். அந்த ஒல்லிக் கழுத்துக்குள்ளிருந்து ஐம்பது வயதுக் குரல் ஒன்று புறப்பட்டு வந்தது.

"ஸ்கைபெப்பர், ஹெச்.ஆர்."

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் தம்பி" என்றார் விஸ்வம், இரண்டடி தள்ளி, தன் போனில். "திங்கட்கிழமை உங்க புனேல என்ன லீவு?"

ஒரே கேள்வி பையனுடைய ஒரு காதில் போனிலும், மறு காதில் நேராகவும் விழுந்தது. அவன் இரண்டு காதையும் மாறி மாறி நம்பிப் பார்த்தான்.

"தூங்கறவன் எழுந்திரு" என்றது பிளைவுட்டுக்கு அந்தப் பக்கக் குரல்.

பையன் எழுந்து நின்றான்.

பிந்து ஹாங்கரில் தொங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப் பொத்தான் இல்லை. பைக்குள்ளிருந்து பிருத்வியின் பயோடேட்டாவை எடுத்தாள். புகைப்படத்திலும் நடுப் பொத்தான் இல்லை. கோட்டுக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள், எதிரே நின்ற முகத்தைப் பார்த்தாள்.

"சார், இவன் ஹெச்.ஆர். மட்டும் இல்ல. இவன்தான் பிருத்வி."

விஸ்வம் போனைக் காதிலிருந்து இறக்கினார். "உனக்கு நீயே சான்று குடுத்துக்கிட்டியா?"

"எல்லாருக்கும் நான்தான் சார் குடுக்கறேன்" என்றான் பிருத்வி. "எனக்குன்னு வந்தப்ப வேற யார்கிட்டப் போறது?"

"தங்கமான பையன்னு வேற சொன்ன."

"அது எல்லாருக்கும் சொல்றதுதான் சார்."

"மழை?"

"அது எனக்காகச் சேத்தது."

விஸ்வம் பயோடேட்டாவை வாங்கி, வழக்கறிஞர் மாதிரி நீட்டிப் பிடித்தார். அவருக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொரு வரியிலும் ஆளை நிறுத்தி உதைப்பார்.

"'ஆவணங்களைத் தானாகவே தயாரிக்கும் மென்பொருளை முதலிலிருந்து எழுதினார்.' எந்த மென்பொருள்டா?"

பிருத்வி பிந்துவின் கையில் இருந்த நாலு பக்கத்தைக் காட்டினான். "அது சார். நான் வந்தப்ப மேடம் வேர்டுல வெட்டி ஒட்டிட்டு இருந்தாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாள் ஆகும். நான் ஒரு நிமிஷமாக்கினேன்."

விஸ்வம் அடுத்த வரிக்குப் போனார். "'நாலாயிரம் பேர் பயன்பெற்றனர்.'"

"ஆமா சார். பாதிப் பேர் இப்ப அமெரிக்காவுல."

"'நாடு முழுவதும் உள்ள நிறுவனங்களோடு தினமும் தொலைபேசியில் பேசினார்.'"

பிருத்வி சுவரைப் பார்த்தான். புவனேஸ்வர் காற்றில் லேசாக ஆடியது.

"'ஒரு புகாரும் வரவில்லை'" என்றார் விஸ்வம். குரலில் இருந்த வழக்கறிஞர் இறங்கிவிட்டிருந்தார்.

"வேலை கிடைச்சவன் எதுக்கு சார் புகார் சொல்லப்போறான்?"

பிந்துவுக்குச் சிரிப்பு முட்டியது. தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து துரத்தி வந்த பொய்யில், கம்பெனி பேரும் ஊரும் குல்கர்னியும் தவிர மற்றதெல்லாம் நிஜம். பொய் அனுபவம் விற்கும் கடையில் மூன்று வருஷம் நிஜமாக வேலை பார்த்தவன் இவன் ஒருவன்தான். அதை எங்கும் எழுத முடியாமல் தன்னிடமே ஒரு பொய் வாங்கியிருக்கிறான்.

"ஏன்டா, இவ்வளவு செஞ்சுட்டு எதுக்குப் புனே?" என்றார் விஸ்வம்.

"நூகாலம்மா கைடன்ஸ்னு போட்டா யாரு சார் கூப்பிடுவா? இங்க இருக்கற வரைக்கும் நானும் போலி. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூல அந்த வேலை கிடைச்சா வெளிய போயிடலாம்னு பாத்தேன்."

விஸ்வம் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார். "உக்காரு. புதுப் பக்கம் திற. ஒரே பக்கம். ரெண்டாவது பக்கம் போனா கைய ஒடிப்பேன்."

பிந்து அவரை இப்படிப் பார்த்ததில்லை. பத்து வருஷமாக மற்றவர்களின் பயோடேட்டாவில் பொய் பொறுக்கிய மனிதருக்கு, பொய்யை எடுத்தபின் அங்கே என்ன இருக்கவேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

"கள்ளிச்செடிய வெட்டு. உழைப்பாளிய எடு. நீ உழைச்சிருந்தா கீழ தெரிஞ்சுடும், தெரியலேன்னா மேல சொல்லி லாபம் இல்ல. பாட்டு கேக்காத. என்ன செஞ்ச, யாருக்கு செஞ்ச, அதனால என்ன ஆச்சு. ஒரு நாள் ஆன வேலைய ஒரு நிமிஷமாக்கினேன்னு சொன்னியே, அதை எங்கடா எழுதியிருக்க?"

"எழுதலையே சார்."

"அதானே. நிஜத்தை விட்டுட்டான், புனேவ வெச்சிருக்கான். நாலாயிரம்னா எப்படி எண்ணின?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு."

"அப்ப அதைப் போடு. ரவுண்டா ஒரு நம்பர் போட்டா எவனும் நம்ப மாட்டான். தெரிஞ்ச கணினி மொழின்னு பதினாலு அடுக்கியிருக்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டா எத்தன?"

"நாலு."

"நாலு போடு. விசாரிக்க ஒரு ஆள் வேணும். உசுரோட இருக்கற ஆள், உன் குரல்ல பேசாத ஆள்."

பிருத்வி தடுப்பைப் பார்த்தான். "சலபதி சாருக்கு என்னை மூணு வருஷமாத் தெரியும். அவரோட வருகைப் பதிவு மென்பொருள் நான் எழுதிக் குடுத்ததுதான்."

"போதும். இப்ப கம்பெனி பேர்."

பையனின் விரல் நின்றது. "எப்படி சார் எழுதறது?"

விஸ்வம் மின்விசிறியைப் பார்த்தார். இந்தத் தடவை சித்தப்பாவாக இல்லை.

"எழுது. 'ஸ்ரீ நூகாலம்மா கேரியர் கைடன்ஸ், அமீர்பேட்டை. வேலை தேடுபவர்களுக்குப் பொய் அனுபவச் சான்று தயாரிக்கும் இடம். சான்றுகள் பொய். அவற்றைத் தயாரிக்கும் மென்பொருளை எழுதியது நான். வெளியே வர விரும்புகிறேன்.' முற்றுப்புள்ளி வெச்சுட்டு நிறுத்து. காரணம் சொல்லாத, அழாத."

பிருத்வி அடித்தான். பிரின்டர் ஒரே ஒரு பக்கத்தைத் துப்பியது. அவன் அதைத் தூக்கிப் பார்த்தான். வெறும் முக்கால் பக்கம்தான்.

"ரொம்பக் கம்மியா இருக்கு சார்."

"நீ அவ்வளவுதான். ஆனா அவ்வளவும் நீ."

பிந்துவுக்கு ஒரு கேலி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

கிளம்பும்போது பிருத்வி வாசல்வரை வந்தான். "ரொம்ப நன்றி சார். உங்க குரல் கேட்டப்பவே தெரிஞ்சிருக்கணும். நிஜம் டி. வி. ராவ் சாரு தானே?"

"என்னைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். மூணு வருஷமா உங்க போன் வருதே. நொய்டாவுல பேசியிருக்கோம், இந்தூர்ல பேசியிருக்கோம். ஷைலஜா மேடம் கம்பெனிக்கு மட்டும் நாப்பது பேருக்கு நீங்க சரின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. விசாரிக்கறவங்கள்ல நீங்கதான் ரொம்ப மரியாதையாப் பேசுவீங்கன்னு எங்க மேடம்கூடச் சொல்லுவாங்க."

பிந்து மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சாதா நாள் சார்" என்றான் பிருத்வி ஆறுதலாக. "பண்டிகை நேரத்துல இன்னிக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க."

*

இரண்டாம் மாடித் திருப்பத்தில் விஸ்வம் நின்று ஷைலஜா மேடத்துக்குப் போன் போட்டார். கம்பெனி பொய், ஊர் பொய், அதிகாரி பொய், வேலை மட்டும் நிஜம் என்றார். போனாலுவைச் சொன்னார், குல்கர்னியைச் சொன்னார், சலபதி சாரின் மைக்கைத் தானே கேட்டுக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். முக்கால் பக்கத்தை வாசித்தார். அந்த நாற்பது பேரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.



"ராவ் காரு, இந்த வருஷம் நான் கேட்ட பயோடேட்டாவுல, ஆள் என்ன செஞ்சான்னு புரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார் ஷைலஜா. "வேலை குடுத்துட்டேன்னு சொல்லிடாதீங்க. செவ்வாய்க்கிழமை வரட்டும், மறுபடி முதல்லேர்ந்து பேசறேன். மிஷின் அந்தப் புனே பயோடேட்டாவுக்குப் பச்சை விளக்கு போட்டிருந்துச்சு தெரியுமா? ஒரு வருஷ வேலை உங்களுக்குத்தான்."

விஸ்வம் பிந்துவைப் பார்த்துத் தலையசைத்தார். பலகை இறங்காது. பிந்துவுக்கு மூச்சு முழுதாக வெளியே வந்தது.

"ஒரே ஒரு சடங்கு பாக்கி" என்றது போன். "குர்கான் தலைமை ஆபீஸுக்கு உங்க நிறுவனத்தைப் பத்தின விவரம் இன்னிக்கே போகணும். எத்தன ஆள், எந்தெந்த ஊர்ல கிளை, கிளைக்கு ஒரு போன் நம்பர். அஞ்சு ஊராவது இருந்தாத்தான் அவங்க எடுத்துப்பாங்க. செவ்வாய்க்கிழமை எல்லாக் கிளைக்கும் போன் போட்டு விசாரிப்பாங்க. உங்களுக்கு அஞ்சு ஊர்ல இருக்கில்ல?"

விஸ்வம் படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே ஒரு ஊர்தான் தெரிந்தது.

"அனுப்பிடறேன் மேடம்" என்றார்.

அது ஷைலஜா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதை பிந்து கவனித்தாள்.

*

பெசரட்டுக் கடை மாடிக்குத் திரும்பியதும் விஸ்வம் தானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் சொல்வார், பிந்து அடிப்பாள்.

"முக்கால் பக்கம்கூட வேணாம் சார்" என்றாள் பிந்து. "நீங்க, நான், ஸ்கூட்டர். மிஷின் விட்ட பொய்யப் பிடிச்சோம். அதை அப்படியே எழுதுங்க. ஷைலஜா மேடம் நமக்காகப் பேசுவாங்க."

"அது தனி ஆளுக்கு."

"இது?"

"இது ஸ்தாபனம்."

"ஸ்தாபனம்னா பொய் சொல்லலாமா சார்?"

"பொய் எங்க சொல்றேன்? எதிர்காலத்தைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்றேன். வேலை கிடைச்சா கிளை வெக்கத்தானே போறோம்."

அவர் 'ஊழியர்கள்: 2' என்று அடித்தார். சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். அந்த இரண்டு தனியாக நின்றது. கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்தில் ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிந்து கீழே போய் டீ வாங்கி வந்தாள். வந்தபோது விஸ்வம் நிமிரவில்லை. முதல் வரியில், 'சவால்களை வாய்ப்புகளாகக் காணும் அர்ப்பணிப்புள்ள குழு' என்று இருந்தது. டீயை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள்.

"பிந்து."

"சார்."

"உனக்கு மராத்தி தெரியுமா?"

"தெரியாது."

"இந்தி?"

"டிவி சீரியல்ல அழுதா புரியும்."

"போதும். உன்கிட்ட ரெண்டாவது சிம் ஒண்ணு இருக்கில்ல, அந்த நம்பர் சொல்லு."

பிந்து சொன்னாள். ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக அடித்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"எனக்குப் புனே சம்பளமா சார், அமீர்பேட்டைச் சம்பளமா?"

 அதற்குள் விஸ்வம் புனேயை முடித்துவிட்டு இந்தூருக்கு வந்திருந்தார்.